தாய்மார் பக்கம்: சொட்டு மருந்தைப் பாதியில் விடாதீர்கள்



மன்னார்த் தீவில் தோட்டவெளிப் பக்கம் போயிருந்தபோது ஓர் இளம் தாயைச் சந்தித்தேன். மடியில் இரண்டு வயதுப் பிள்ளை. "போலியோ மருந்தெல்லாம் கொடுத்தாச்சா தங்கச்சி?" என்று கேட்டேன். "மூணு தரம் கொடுத்தது ராத்தா. இப்ப அந்த வருத்தம் எங்க இருக்கு? இனி எதுக்கு?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அல்ஹம்துலில்லாஹ், இலங்கையில் கடைசியாக ஒரு பிள்ளைக்கு இளம்பிள்ளைவாதம் கண்டது 1993இல்தான். 2014 மார்ச் 27இல் நமது வலயமே போலியோ அற்றது என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் அந்த நோய் தானாகப் போய்விடவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் கைக்குழந்தைகளோடு புத்தளம் முகாம்களில் ஒதுங்கினார்கள். வடக்கில் தமிழ்த் தாய்மாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடினார்கள். அப்படிப்பட்ட காலத்தில்தான், 1995 முதல், தேசிய நோய்த்தடுப்பு நாட்கள் நடந்தன. அந்நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைக்கும்படி பேசி ஏற்பாடு செய்தார்கள். 'அமைதி நாட்கள்' என்று அதற்குப் பெயர். சூடேறினால் இம்மருந்து கெட்டுவிடும். அதனால் ஐஸ் பெட்டியில் வைத்துக் காவலரண்களைத் தாண்டி எடுத்துச் சென்று பிள்ளைகளின் வாயில் விட்டார்கள். சண்டையிட்டவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் இணங்கினார்கள் என்றால், அதன் பெறுமதியை யோசித்துப் பாருங்கள்.

இனிக் காஸாவைப் பாருங்கள். அங்கே 25 ஆண்டுகளாக இந்நோய் இல்லை. யுத்தத்தில் ஆஸ்பத்திரிகள் இடிந்தன. தடுப்பு மருந்து தடைப்பட்டது. அழுக்கு நீர் தெருவில் ஓடியது. பத்து மாதக் குழந்தையொன்றின் கால் செயலிழந்தது இந்நோயால்தான் என்று 2024 ஆகஸ்டில் உறுதியானது. செப்டெம்பர் 1 முதல், குண்டு வீச்சு ஓய்ந்த சில மணி நேரங்களுக்குள், பத்து வயதுக்குட்பட்ட 5 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதற்சுற்று மருந்து கொடுத்தார்கள். இடிபாடுகளுக்கிடையே பிள்ளையைத் தூக்கி வந்த அந்தத் தாய்மாரை நினையுங்கள். நமக்கு கிளினிக் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த கிருமி. மருந்து பெறாத பிள்ளைகள் பலர் இருக்கும் இடத்தில் அது நீண்ட காலம் பரவினால் மீண்டும் வலுப்பெறலாம். காஸாவில் கண்டதும் அவ்வகைக் கிருமிதான். ஆகவே பயந்து மருந்தை நிறுத்துவதே ஆபத்து. எல்லாப் பிள்ளைகளும் முழுமையாகப் பெற்றால் கிருமிக்கு இடமே இல்லை. காட்டுவகைக் கிருமியோ பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் ஒழியவில்லை.

நம் நாட்டில் 2, 4, 6 ஆம் மாதங்களிலும், ஒன்றரை வயதிலும், ஐந்து வயதிலும் சொட்டு மருந்து கொடுக்கப்படுகிறது. ஒன்று தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இலேசான தடிமன், காய்ச்சல் தடையல்ல. அட்டை தொலைந்திருந்தாலும் வெட்கப்படாமல் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். வந்தபின் இந்நோயைக் குணப்படுத்த மருந்தில்லை.

தவக்குல் என்பது ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இருப்பதல்ல, கட்டிவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பது என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்தார்கள். அந்தத் தங்கச்சி அடுத்த கிளினிக்கிற்குப் போவதாகச் சொன்னார். நீங்களும் இன்றிரவே பிள்ளையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் குழந்தைகளைக் காப்பானாக, ஆமீன்.