துண்டுச் சிரிப்பு போதுமா? முழுப் படம் எங்கே?

தெருவுக்கே கிரீம் அபிஷேகம்! பல் பிடுங்க வாயைத் திறந்தவர் வாயிலும் கிரீம். சண்டையை விலக்க வந்தவர் மூஞ்சியிலும் கிரீம். கிரீம் தடவிய "பை" என்ற பலகாரம் ஒன்றா, இரண்டா? 3 ஆயிரம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள்!

லாரல் - ஹார்டி ஜோடி 1927-ல் நடித்த "நூற்றாண்டின் யுத்தம்" என்ற ஊமைப் படத்தில்தான் இந்தக் கூத்து. வாழைப்பழத் தோலைப் போட்டு லாரலை வழுக்கி விழவைத்து இன்சூரன்ஸ் பணம் வாங்கப் பார்க்கிறார் ஹார்டி. வழுக்கி விழுந்ததோ பலகாரக்காரர்! ஆத்திரத்தில் அவர் ஒன்றை ஹார்டி முகத்தில் அப்ப, அது குறி தவறி அடுத்தவர், அடுத்தவர் என்று பரவி, கடைசியில் தெருவே களத்தில் குதிக்கிறது.

உலகமே வயிறு வலிக்கச் சிரித்த அந்தக் காட்சிக்கு என்ன கதி நேர்ந்தது தெரியுமா? காணாமல் போய்விட்டது!

பெட்டியில் கிடந்தது!

1957-ல் ராபர்ட் யங்சன் என்பவர், பழைய சிரிப்புப் படங்களில் இருந்து நல்ல நல்ல காட்சிகளை வெட்டி எடுத்து, "சிரிப்பின் பொற்காலம்" என்று ஒரு தொகுப்புப் படம் வெளியிட்டார். அந்த கிரீம் சண்டையில் சில நிமிடங்கள் மட்டும் அதில் இடம்பெற்றன. பிறகு அசல் பிலிம் அழுகிப் போயிற்று. எஞ்சியது அந்தத் துண்டுதான். பல பத்தாண்டுகள் ரசிகர்கள் அந்தத் துண்டைப் பார்த்தே சிரித்தார்கள்.

2015-ல் அதிசயம் நடந்தது. யங்சன் தமக்கென்று போட்டு வைத்திருந்த 16 மில்லிமீட்டர் பிரதி, கைமாறி கைமாறி ஒரு சேகரிப்பாளர் வசம் வந்திருந்தது. டப்பாவைத் திறந்து ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது ரீல் முழுசாக இருக்கிறது! அதைச் சுத்தம் செய்து, புது மெருகேற்றி, மறுபடியும் தியேட்டரில் காட்டினார்கள்.

அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. துண்டில் பார்த்தது வெறும் அடிதடி. முழுசாகப் பார்த்தால், ஒரே ஒரு அடியில் தொடங்கி, நிதானமாக, படிப்படியாக ஏறுகிறது சண்டை. அந்தப் படிக்கட்டில்தான் சிரிப்பே இருக்கிறது!

நம் கதை என்ன?

இது ஏதோ ஹாலிவுட் சமாசாரம் என்று ஒதுக்க முடியாது. நம் ஊரிலும் அதே கதைதான் நடக்கிறது.

"காதலிக்க நேரமில்லை" 1964-ல் வந்தது. நாகேஷ் பேய்க் கதை சொல்ல, பாலையா நடுங்கும் காட்சியைப் பார்க்காத தமிழர் உண்டா? ஆனால் எத்தனை இளவட்டங்கள் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருப்பார்கள்? "திருவிளையாடல்" தருமியும் அப்படித்தான். தனியாகப் புலம்பும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். படம்?

டெலிவிஷனும் செல்போனும் சிரிப்பை 3 நிமிடப் பொட்டலமாகக் கட்டி விற்கின்றன. வாங்குகிறவர் மேல் தப்பில்லை. ஆனால் பொட்டலம் இருக்கிறதே என்று மளிகைக் கடையை இடித்துவிடலாமா?

நகைச்சுவைக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. புராணப் படம், பெரிய ஹீரோ படம் என்றால் "காப்பாற்று" என்று குரல் கொடுக்க ஆள் இருக்கிறது. சிரிப்புப் படம்தானே என்று எல்லோருக்கும் இளப்பம். "சிரிச்சாச்சு, போயாச்சு!" என்று நினைக்கிறார்கள். 1941-ல் டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் கலக்கிய "சபாபதி" இன்றும் பார்க்கக் கிடைப்பது நம் அதிர்ஷ்டம். தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்" (1931) அந்த அதிர்ஷ்டம் செய்யவில்லை. இன்று அதன் பிரதி இல்லை!

தீயும் புளிப்பும்

பழைய பிலிமுக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று தீ. அந்தக் கால நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் அணைப்பது மகா கஷ்டம். 1978-ல் அமெரிக்காவில் ஈஸ்ட்மேன் மியூசியக் கிடங்கில் தீப்பிடித்து 329 படங்களின் சுருள்கள் சாம்பலாயின. "டாம் அண்ட் ஜெர்ரி" ஆரம்பகாலச் சித்திரங்கள் பலவற்றின் அசல் நெகடிவ்களும் அதில் போயின. குழந்தைகள் இன்று பார்ப்பது பிரதியில் இருந்து எடுத்த பிரதி! 2003 ஜனவரியில் புனேயிலும் தீ. அங்கும் நம் நாட்டுப் பழைய படங்கள் கருகின.

இரண்டாவது எதிரி சத்தம் போடாமல் வருவது. பிறகு வந்த அசிடேட் பிலிம் எளிதில் தீப்பற்றாது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் புளித்துப் போகும். டப்பாவைத் திறந்தால் குப்பென்று வினிகர் நெடி! பிலிம் சுருங்கும், நெளியும். ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். பழைய கலர் பிரதிகளோ பச்சையும் நீலமும் வெளுத்து, வெறும் சிவப்பாய் நிற்கும். சென்னை வெயிலும் கடல் காற்றும் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர்சாதன அறை இல்லாத கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு நெகடிவுக்கும் நாள் எண்ணப்படுகிறது.

கம்ப்யூட்டர் செய்யும் கோளாறு

"கம்ப்யூட்டரில் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். அவ்வளவு சுலபமில்லை. ஒரு வினாடிக்கு 24 படங்கள். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2 லட்சத்து 16 ஆயிரம் படங்கள்! அத்தனையிலும் தூசி, கீறல் பார்க்க வேண்டும்.

இயந்திரத்தை மட்டும் நம்பினால் வம்புதான். வேகமாகப் பறக்கும் சின்னப் பொருளை அது தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். எறிந்த பலகாரமே மாயமானால் சிரிப்பு எங்கே வரும்? கார்ட்டூன் படங்களில் இது நடந்தே இருக்கிறது. ஓவியர் இழுத்த மெல்லிய மைக்கோட்டைக் கீறல் என்று எண்ணி, இயந்திரம் அழித்த அநியாயம் உண்டு. ஊமைப் படங்களில் வேகமும் முக்கியம். மெதுவாகப் பிடித்த படத்தை இன்றைய வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் எறும்பு போல் ஓடுவார்கள். சிரிப்புக்கு உயிர் நேரம் பார்த்து அடிப்பதில் இருக்கிறது. அரை வினாடி பிசகினாலும் போச்சு!

அதனால் மனிதக் கண் வேண்டும், பொறுமை வேண்டும், பணமும் வேண்டும். இந்த வேலை தெரிந்த கைகள் நம் சென்னையிலேயே இருக்கின்றன. வெளிநாட்டுப் படங்களுக்குக்கூட சாலிகிராமத்தில் வைத்தியம் நடந்திருக்கிறது. ஊரார் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கும் ஊர், தன் பிள்ளையைப் புழுதியில் விடலாமா?

கூட்டம் வருமா?

"பழைய படத்துக்கு யார் சார் வருவார்?" என்று கேட்கும் பட அதிபர்களுக்கு "கர்ணன்" பதில் சொல்லிவிட்டது. 1964-ல் வந்த அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு 2012-ல் திரைக்கு வந்தது. சென்னையிலேயே 100 நாளைத் தாண்டியது! கர்ணனுக்கு அழ வந்த ஜனங்கள், நாகேசுக்குச் சிரிக்க வரமாட்டார்களா?

சிரிப்பு கூட்டத்தோடு சேர்ந்தது. வீட்டில் தனியாகப் பார்த்தால் புன்னகை. 500 பேரோடு உட்கார்ந்தால் வெடிச்சிரிப்பு! பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பது நம்மையும் தொற்றிக்கொள்ளும். அந்தக் கால டைரக்டர்கள் தியேட்டரில் எழும் சிரிப்புச் சத்தத்துக்கு இடம் விட்டு வசனத்தை நிறுத்துவார்கள். செல்போனில் அந்த இடைவெளி வெறும் ஓட்டை.

செய்ய வேண்டியது மூன்று. எந்தப் படத்தின் நெகடிவ் யாரிடம் இருக்கிறது என்று பட அதிபர் சங்கம் முதலில் ஒரு பட்டியல் எடுக்கட்டும். உரிமை யாருக்கு என்ற வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும்; டப்பா குளிர் அறைக்குப் போகட்டும். அடுத்து, பழைய படங்களைக் காக்க மத்திய அரசு 597 கோடி ரூபாயில் திட்டம் போட்டது. அந்த வரிசையில் தமிழ்ச் சிரிப்புப் படங்களுக்கும் இடம் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. முதலில் ஒரு கார்ட்டூன், பிறகு முழுப் படம். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகைக் கட்டணம். காலையில் காலியாகக் கிடக்கும் தியேட்டருக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது.

லாரல் - ஹார்டிக்கு ஒரு பழைய பெட்டி கைகொடுத்தது. எல்லாப் படத்துக்கும் அப்படிப் பெட்டி கிடைக்காது. நம் படங்களில் பலவற்றுக்கு நெகடிவ் இன்னும் இருக்கிறது. புளிப்பதற்குள் எடுத்தால் பேரப்பிள்ளைகளும் சிரிப்பார்கள். விட்டுவிட்டால் மிஞ்சுவது 3 நிமிடத் துண்டுதான்.

கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் இன்றைக்கே போய்த் திறந்து பார்க்கட்டும்!