செவ்வாய் உலகின் சதுரங்கம்

கற்பனை உலகொன்றைப் படைப்போன் அவ்வுலகத்தார்க்கு விளையாட்டும் படைத்தல் வேண்டுமோ? வேண்டும் என்றே கருதினார் அமெரிக்க ஆசிரியர் எட்கார் ரைஸ் பரோஸ். 1922ஆம் ஆண்டில் வெளிவந்த தம் செவ்வாய்க் கிரகக் கதையொன்றில் 'ஜெட்டான்' என்னும் ஆட்டத்தை விதிகளோடு அமைத்தார். கட்டங்கள் 100, பக்கத்திற்குக் காய்கள் 20. இளவரசியைக் கவர்ந்தால் வெற்றி. தலைவனைத் தலைவனே வீழ்த்தினாலும் வெற்றி. பிற காய் வீழ்த்தினால் ஆட்டம் சமன். தனிவீரத்தைப் போற்றும் உலகம் அவ்விதிகளிலேயே தெரிகிறதன்றோ?

நம் ஆடுபுலி ஆட்டமோ வேறு. புலிகள் 3, ஆடுகள் 15. ஆடு எதனையும் வெட்டாது. கூடிநின்று வழியடைத்தே வெல்லும். பள்ளிமுனைப் பெருக்கமரத்தடி மணலிற் கோடு கீறினாற் போதும், சிப்பியே காயாகும். மாணவர்களே, புதிய ஆட்டம் அமைக்கப் புகுமுன், அது கற்பிக்கும் வெற்றி யாதென எண்ணுங்கள்.