கணக்கு வைக்காத ஊர்கள்

கும்பகோணத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம் சிவபுரத்துக்கு. தேவாரப் பாடல் பெற்ற தலம். 1951-இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து சோழர் காலத்து நடராஜர் கிடைத்தார். சில வருடம் கழித்துப் பழுது பார்க்க ஸ்தபதியிடம் அனுப்பினார்கள். அசல் அங்கேயே கைமாறிவிட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அந்த நகலுக்குத்தான் தீபாராதனை நடந்தது. அசல் வெளியே ஒரு தனியார் கையில் இருக்கிறது என்று எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். அவருடைய புத்தகம் வந்தது 1965-இல். எங்களில் ஒருவருக்கும் முகம் மாறியது தெரியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகையில் வந்த கதை. அமெரிக்கப் பணக்காரர் நோர்ட்டன் சைமன் 1973-இல் அந்த நடராஜரைச் சுமார் ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்திய அரசு வழக்குப் போட்டது, 1976-இல் சமரசம் ஆனது, 1986-இல் சிலை இந்தியா வந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள், டெல்டாக்காரர்கள், கடத்தல்காரனையும் தரகனையும் வெளிநாட்டு மியூசியத்தையும் திட்டி முடித்துக்கொள்கிறோம். திட்டவேண்டியவர்கள்தான். ஆனால் வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவர் யாரென்று பார்க்காமல் திண்ணையில் உட்கார வைத்த வீட்டார் நாங்கள். அந்தப் பங்கை யாரும் எழுதுவதில்லை.

பத்தூர் விஷயம் இன்னும் மோசம். இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிற ஊர். அங்கே விஸ்வநாத சுவாமி கோயில் இடிந்து, புதர் மண்டி, பெயரளவுக்கு நின்றது. 1976-இல் அதன் பக்கத்தில் ஒரு கூலித் தொழிலாளி மண்ணை வெட்டும்போது நடராஜர் அகப்பட்டார். சொற்பக் காசுக்குக் கைமாறி, லண்டன் போய், 1982-இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் என்ற கம்பெனியிடம் இரண்டரை லட்சம் பவுனுக்கு விலைபோனார். சிலையைச் செப்பனிடப் பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கில் உரிமை கோரியவர்களில் ஒருவர், இடிந்த அந்தக் கோயிலின் சிவலிங்கமே. கீழ்க் கோர்ட்டில் 1988-இல் ஜெயித்தார், அப்பீலில் 1991-இல் ஜெயித்தார், நடராஜர் அந்த வருடமே வந்து சேர்ந்தார். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டனுக்குப் போய்ச் சாட்சி சொன்னார்.

நாங்கள் கூரை போடாமல் விட்ட சிவன், லண்டன் கோர்ட்டில் தன் சொத்துக்குத் தானே வழக்காட வேண்டியிருந்தது. அதைப் பெருமைக் கதையாகத்தான் இன்றும் சொல்லிக்கொள்கிறோம்!

மண்ணிலிருந்து எடுத்தவர் விற்றாரே என்று அவரைக் குறை சொல்ல எங்களுக்கு யோக்கியதை கிடையாது. வயலில் உழைத்தவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியேதான் தலைமுறை தலைமுறையாக நிறுத்தி வைத்திருந்தோம். அதை மாற்றவே 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் தேவைப்பட்டது. 'இது உன் சாமி' என்று முன்பின் ஒருவரும் சொல்லாத கூலிக்காரன், அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

சரி, வாசலுக்கு உள்ளே நின்றவர்கள் என்ன செய்தோம்? படித்து பம்பாய், டெல்லி, மெட்ராஸ், அப்புறம் அமெரிக்கா என்று போனோம். போனது தப்பில்லை, நிலத்தை விற்ற கையோடு ஊர்க் கோயில் பொறுப்பையும் கைகழுவினோம். இருந்தவர்கள் கோயில் நிலத்தை உழுதுவிட்டுக் குத்தகை நெல்லை அளக்கவில்லை. களத்தில் நெல் காயும்போது சாமி பங்கைப் பற்றிப் பேச்சே எழாது. எண்ணெய்க்கே வழியில்லாத கோயிலில் குருக்கள் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்? அவர் ஐந்தாறு கோயிலைச் சேர்த்துப் பார்த்தார், காலையில் ஒரு விளக்கு ஏற்றிப் பூட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். ஒரு கால பூஜைக் கோயில் அர்ச்சகருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது 2021-இல்தான். அதுவரை அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று ஊர் கேட்கவில்லை.

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் கோயில் பூட்டியே கிடந்தது. உள்ளே வௌவால். சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வந்தபோது எங்கள் சாமியை விடமாட்டோம் என்றார்கள் ஊர்க்காரர்கள். 2006-இல் திருட்டு நடந்தது. அது வெளியே தெரிந்தது 2008-இல், அதிகாரிகள் மறுபடி வந்து கதவைத் திறந்தபோது. இடையில் கதவைத் திறந்து பார்க்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விடமாட்டோம் என்று மறித்த ஆவேசமும் எங்களுடையதுதான்; எட்டிப் பார்க்காத சோம்பலும் எங்களுடையதுதான்.

அங்கே திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. 2014-இல் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபட் டெல்லியில் ஒப்படைத்தார். இது ஸ்ரீபுரந்தான் சிலைதான் என்று காட்ட உதவியது எது? பாண்டிச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம். 1950-களின் நடுவிலிருந்து அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்துவைத்தார்கள்; லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். எங்கள் வீடுகளில் கல்யாண ஆல்பம் இருக்கிறது, பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ இருக்கிறது. ஊர் நடராஜரின் படம் இல்லை.

பிரான்ஸில் 1964-இல் ஆந்த்ரே மால்ரோ கலாசார அமைச்சராக இருந்தபோது நாடு முழுக்க மரபுச் செல்வங்களைப் பட்டியலிடும் வேலையைத் தொடங்கினார்கள். கதீட்ரல் மட்டுமல்ல, சிறு கரண்டி வரைக்கும் அதில் வரவேண்டும் என்பது எண்ணம். 1905 சட்டத்துக்கு முந்தைய ஊர்த் தேவாலயங்கள் பெரும்பாலும் உள்ளூராட்சியின் சொத்து. ஓடு உடைந்தால் மேயர்தான் பதில் சொல்ல வேண்டும். அங்கேயும் திருட்டு உண்டு, ஆள் இல்லாத கிராமமும் உண்டு. ஆனால் என்ன போயிற்று என்று சொல்லவாவது காகிதம் இருக்கிறது.

இதற்கு பிரான்ஸைப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் எங்களுக்கு இன்னும் வெட்கம். தஞ்சாவூர் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். எந்தச் செப்புத் திருமேனி, யார் கொடுத்தது, எத்தனை முழம் எத்தனை விரல் உயரம், எத்தனை கை, பீடம் எவ்வளவு, எந்த நகையில் எத்தனை முத்து, என்ன எடை. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு. ஆயிரம் வருடத்துக்கு முன் சுவரிலேயே ஸ்டாக் ரிஜிஸ்டர் வைத்திருந்த ஊர் இது. அங்கே கணக்கில் உள்ள திருமேனிகளில் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன.

கிராமத்துக் கோயில்களில் அப்படிப்பட்ட சுவரை நாங்கள் என்ன செய்தோம்? கும்பாபிஷேகம் வந்தால் சுண்ணாம்பு, அப்புறம் எனாமல் பெயின்ட், அப்புறம் மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று எழுத்தையே தேய்த்தோம். தரைக்கு டைல்ஸ் பதித்தபோது அதிட்டானத்தின் கீழ் வரிகள் மண்ணுக்குள் போயின. பழைய தானக் கணக்கை மறைத்த அதே சுவரில் 'உபயம்' என்று எங்கள் பெயரை எழுதிக்கொண்டோம், சிங்கப்பூர் முகவரியோடு.

மீட்டு வந்த பத்தூர் நடராஜர் திருவாரூர் தியாகராஜர் கோயிலில் உள்ள பாதுகாப்பு மையத்துக்குப் போனார். இந்த மாதிரி மையங்களில் ஆயிரக்கணக்கான உற்சவர்கள் கம்பிக் கதவுக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கிறார்கள். திருவிழாவுக்குக் கேட்டு வாங்கிப் போய்த் திருப்பித் தரும் ஊர்கள் உண்டு. எங்கள் சாமி எந்த மையத்தில் இருக்கிறது என்றே மறந்துபோன ஊர்களும் உண்டு. அறநிலையத் துறையைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நாற்பதாயிரத்துக்கு மேல் கோயில்களை வைத்திருக்கும் துறை, எங்கள் ஊர்ப் பிள்ளையாரின் காதுப் பின்னத்தை நினைவில் வைத்திருக்குமா? அது எங்கள் வேலை.

வரும் தையில், அறுப்பு முடிந்து ஊர்க்கூட்டம் போடும்போது, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கோயிலில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும்: சிலை, மணி, தூக்கு விளக்கு, வாகனம், பாத்திரம். உயரத்தை அளந்து, நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுத்து, உடைசலைக் குறித்து, ஒரு பிரதியைத் துறைக்கும் ஒரு பிரதியை போலீஸ் ஸ்டேஷனுக்கும் கொடுக்க வேண்டும். எழுதும்போது கீழத்தெரு ஆட்களும் கூட உட்கார்ந்திருக்க வேண்டும், கையெழுத்தும் போட வேண்டும். முதலில் எழுத வேண்டிய வரி குத்தகை பாக்கி: எத்தனை மா, எத்தனை வருடம், யார் யார். அந்த வரி வரும்போதுதான் கூட்டம் கலையும். கலைந்தாலும் நோட்டை மூடக்கூடாது.