மொடெம் பூட்ட முன்பு

சகோதரிகளே, சங்க அலுவலகத்துக்கு இணைய இணைப்பு எடுக்கும்போது எல்லோரும் வேகத்தைத்தான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, பொதுக் கோப்புகள் உள்ள சேர்வர் கணினியில் என்ன இருக்கிறது என்பதையே. காணாமல் போன மகனுக்காகத் தாய் கொடுத்த வாக்குமூலம் அதில் இருக்கலாம்.

2000களில் டயல்-அப் மொடெம். தொலைபேசிக் கட்டணத்துக்குப் பயந்து வேலை முடிந்ததும் துண்டித்துவிடுவார்கள். இன்று ரவுட்டருக்குள்ளேயே மொடெம்; இணைப்பு இரவும் பகலும் இருக்கிறது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றுங்கள். வருவோரின் கைத்தொலைபேசிக்கு, சேர்வரை எட்டாத விருந்தினர் இணைப்பைத் தனியாக அமைத்துக் கொடுங்கள். (இல்லையென்று சொல்ல நமக்கு வாய் வராதே!) வாக்குமூலங்களின் பிரதியைத் தனி வட்டில் எடுத்து, கழற்றி, அலுமாரியில் பூட்டிவையுங்கள்.

வெளியிலிருந்து சேர்வரைத் திறக்கும் வசதியை எங்கள் அலுவலகத்தில் வேண்டாமென்று விட்டோம். வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதுதான்.