விளக்குப் பலகையில் நமது எழுத்து

வெசாக் காலத்தில் தென்னிலங்கை நகரங்களில் எழும் மின்னொளிப் பந்தல்களைக் கண்டவர்கள், அந்தக் குமிழ்கள் வரிசை தவறாமல் எரிந்து அணையும் விந்தையை அறிவார்கள். முன்னர் அதனைச் சுழலும் உருளை ஒன்று செய்தது. உருளையில் பதித்த செப்புத் தகடுகள் மின்தொடுப்புகளைத் தொட்டு விலக, கோலங்கள் மாறின. இன்று அவ்வேலைக்கு உள்ளங்கையளவு கணனி போதும். உணரி ஒன்றையும் இணைத்துவிட்டால், ஆள் அருகே வந்ததும் எல்.ஈ.டி. பலகை நிறம் மாறும். கையசைவுக்கு மறுமொழி சொல்லும். மாணவர் குழு ஒன்று சில வாரங்களில் செய்து முடிக்கக்கூடிய காரியம் இது.

இதற்கு உதவும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணனி 2012 பெப்ரவரியில் 35 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் கணனி படிக்க வருவோரின் எண்ணிக்கையும் தேர்ச்சியும் குறைவதைக் கண்ட எபென் அப்டனும் அவரது நண்பர்களும் எடுத்த முயற்சி அது. 2021இல் வந்த பைக்கோவின் விலை 4 டொலர் மாத்திரமே. கேம்பிரிட்ஜுக்கே அந்தக் கவலை இருந்ததென்றால், நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

பெல்மதுளையிலிருந்து கஹவத்தை வழியாக எம்பிலிப்பிட்டிய நோக்கி இறங்கும் வீதியை எண்ணிப் பாருங்கள். மேலே தேயிலையும் இறப்பரும், கீழே வளவை கங்கையின் வயல்கள். மேலேயுள்ள தோட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, உயர்தரத்தில் விஞ்ஞானமோ தொழில்நுட்பமோ தாய்மொழியில் கற்பது இன்றும் எளிதன்று. தொழில்நுட்பப் பிரிவு 2013இல் அறிமுகமானது. ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலைக்கு அதனால் என்ன பயன்?

"பரீட்சைக்கு வராத விளையாட்டு இது" என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு காரணத்தை மாத்திரம் சொல்கிறேன்.

ஆங்கில எழுத்தொன்றை ஐந்துக்கு ஏழு புள்ளிகளில் அடக்கிவிடலாம். நமது 'ணை' அதற்குள் அடங்காது. 'கொ' என்பதோ இன்னும் சிக்கலானது. கணனி முதலில் ககரத்தையும் பின்னர் உயிர்க்குறியையும் சேமிக்கிறது. திரையில் அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருமருங்கும் நிற்க வேண்டும். இதை அறியாத நிரல் எழுதியவர் ஆக்கிய பலகையில் 'கொழும்பு' சிதைந்தே தெரியும். அத்தகைய பலகைகளை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் சட்டம் எழுத்தைத் திருத்தாது. எழுத்தறிந்த கைதான் திருத்தும்.

ஈய எழுத்தின் அந்திமக் காலத்தில் பத்திரிகைக்கு வந்தவன் நான். அச்சுக்கோப்பாளரின் விரல்களில்தான் அன்று நமது மொழியின் மானம் இருந்தது. இன்று அது நிரல் எழுதும் பிள்ளையின் விரல்களில் இருக்கிறது.

ஆகவே எனது யோசனை சிறியது. அயலிலுள்ள நாலைந்து தோட்டப் பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு தொகுதி: சிறு கணனி, பதினாறு வரிசைப் புள்ளிகள் கொண்ட எல்.ஈ.டி. பலகை, தமிழில் ஒரு கைந்நூல். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணவர்கள் மாதமொரு சனிக்கிழமை வந்து வழிகாட்டலாம். புலம்பெயர்ந்த வாசகர்கள், தாம் படித்த பாடசாலைக்குக் கட்டடமும் பெயர்ப்பலகையும் அளிப்பதோடு இதனையும் நினைவில் கொள்ளட்டும்.

பிள்ளைகள் அந்தப் பலகையில் முதலில் தமது தோட்டத்தின் பெயரை எழுதட்டும். பிழையின்றி, தமிழில்.