பிழைப்புக்குக் கட்டிய கயிறு

அட்லாண்டிக் சமுத்திரத்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தீவு ஐஸ்லாந்து. அதன் மேற்குக் கடைசியில், கடலை நோக்கி ஒரு பெரிய கோட்டை மதிலைப்போல் செங்குத்தாக நிற்கிறது ஒரு பாறை முனை. லாட்ரபியார்க் என்பது அதன் பெயர். நீளம் சுமார் 14 கிலோமீட்டர்; மிக உயரமான இடத்தில் 441 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,450 அடி. மேலே நின்று பார்த்தால் கீழே மோதும் அலையின் சத்தம்கூடச் சில இடங்களில் தெளிவாகக் கேட்பதில்லை. அவ்வளவு ஆழம்.

கோடைகாலத்தில் அந்தப் பாறை முழுவதும் பறவைகளின் ராஜ்யம். கில்லிமாட், ரேசர்பில், பஃபின் முதலிய கடற்பறவைகள் லட்சக்கணக்கில் வந்து அடுக்கடுக்காகக் குடியேறுகின்றன. உலகிலேயே ரேசர்பில் பறவைகள் மிகுதியாகக் கூடும் இடங்களில் இதுவும் ஒன்று. கில்லிமாட் பறவை கூடுகூடக் கட்டுவதில்லை. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டையை இட்டு அடைகாக்கும். நரிக்கு எட்டாத இடம் என்ற நம்பிக்கை அதற்கு. ஆனால் மனிதனுக்கு எட்டாத இடம் எது?

அந்தப் பகுதி விவசாயிகளின் நிலத்தில் புல்லைத் தவிர வேறு எதுவும் அதிகமாக விளைந்ததில்லை. சில ஆடுகள், கொஞ்சம் மீன். அவ்வளவுதான் அவர்களது சொத்து. நீண்ட குளிர்காலம் முடிந்து வீட்டில் உணவு தீர்ந்துவரும் சமயத்தில் பறவைகள் முட்டையிடும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவன் பாறையில் இறங்குவான். மேலே பலர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த பிழைப்பு அது. கயிறு அறுந்தும், கல் சரிந்தும் உயிர் இழந்தவர்கள் உண்டு. எந்தக் கல் தாங்கும், எது தாங்காது, எந்த இடத்தில் காலை ஊன்றலாம் என்பதெல்லாம் ஏட்டில் எழுதி வைத்த பாடமல்ல. தகப்பன் மகனுக்குக் கை பிடித்துக் காட்டிய பாடம்.

அந்தப் பாடத்துக்கு 1947-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு பெரிய பரீட்சை வந்தது.

அம்மாதம் 12-ஆம் தேதி, தூன் என்ற பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பல் அந்தப் பாறைமுனையின் அடியில் மோதித் தட்டி நின்றது. இங்கிலாந்தின் பிளீட்வுட் துறைமுகத்தைச் சேர்ந்த கப்பல் அது. அதில் இருந்தவர்கள் 15 பேர். மூன்று பேரை அலை கொண்டு போயிற்று. மற்றப் பன்னிரண்டு பேரும் குளிரில் விறைத்து, அலை மேலே புரள, உடைந்த கப்பலைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். முன்னே கடல், பின்னே செங்குத்தான பாறை. கடல் வழியாக எந்தப் படகும் நெருங்க முடியவில்லை. வானத்தைத் தவிர வேறு வழி இல்லை என்பதுபோல் இருந்தது நிலைமை.

கப்பலின் அபாய அறிவிப்பு ஐஸ்லாந்தின் உயிர் காக்கும் சங்கத்துக்கு எட்டியது. கடலில் மாண்டுபோகும் மாலுமிகளைக் காப்பாற்றுவதற்காக 1928-ல் தோன்றிய சங்கம் அது. பாறைக்கு அருகிலுள்ள பண்ணை வீடுகளுக்குச் செய்தி பறந்தது. அங்கே இருந்தவர்கள் பட்டாளத்தாரும் அல்ல, கடற்படையினரும் அல்ல. ஆடு மேய்க்கும் விவசாயிகள். கயிறுகளையும் ஆகாரத்தையும் எடுத்துக்கொண்டு பனியில் நடந்து பாறையின் உச்சிக்குப் போனார்கள்.

முட்டை எடுக்க இறங்குவது வெயில் காயும் கோடையில். அந்நாட்களில் அங்கே இரவே தெரியாத வெளிச்சம். இப்போதோ டிசம்பர், பகல் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் இல்லை. புல் வழுக்கியது, பாறையில் பனிக்கட்டி படிந்திருந்தது, கயிறும் ஈரத்தில் விறைத்தது. இருந்தும் 13-ஆம் தேதி அவர்கள் இறங்கினார்கள். பாதி வழியில் உள்ள ஒரு திட்டில் சிலர் நின்றுகொள்ள, மற்றும் சிலர் அங்கிருந்து மறுபடி கயிற்றில் இறங்கிக் கடற்கரையை அடைந்தார்கள். உருண்டைக் கற்களின்மேல் நடந்து கப்பலுக்கு எதிரே போய், வாணத்தில் கயிற்றைக் கட்டிக் கப்பலை நோக்கி எய்தார்கள். அந்தக் கயிற்றைப் பற்றித்தான் பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கரை சேர்ந்தார்கள்.

ஆனால் கரை சேர்ந்ததோடு கஷ்டம் தீரவில்லை. கடல் பொங்கி ஏறத் தொடங்கிவிட்டது. இருட்டும் வந்துவிட்டது. முடிந்த அளவு ஆட்களைத் திட்டுக்கு ஏற்றினார்கள். மற்றவர்கள் பாறையின் அடியிலேயே அந்த நீண்ட இரவைக் கழித்தார்கள். கரையிலும் திட்டிலும் மீட்கப்பட்டவர்களோடு மீட்க வந்தவர்களும் விடியும்வரை தங்கினார்கள். மறுநாள் எல்லாரையும் கைகளாலேயே மேலே இழுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் தவறவில்லை. பண்ணை வீடுகளில் அவர்களுக்கு உலர்ந்த துணியும் சூடான உணவும் படுக்கையும் கிடைத்தன.

இதன் பின்கதை இன்னும் வியப்பானது. இந்த அரிய செயலைப் படமாக்க வேண்டும் என்று உயிர் காக்கும் சங்கம் விரும்பியது. ஆஸ்கர் கீஸ்லாசன் என்ற ஐஸ்லாந்துப் படப்பிடிப்பாளர் அந்தப் பொறுப்பை ஏற்றார். நடந்ததை அதே ஆட்களைக் கொண்டு மறுபடி நடித்துக் காட்டச் செய்து படம் பிடிப்பதற்காக 1948-ல் அவர் அங்கே போயிருந்தார். அச்சமயத்தில், அதே பகுதியில் சார்கன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் நிஜமாகவே கரை தட்டியது. நடிக்க வந்தவர்கள் நடிப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். அதில் பலர் இறந்துவிட்டனர். உயிரோடிருந்த சிலரை மீட்க முடிந்தது. கீஸ்லாசன் அதைப் படம் பிடித்தார். 1949-ல் வெளியான படத்தில் அந்த உண்மைக் காட்சிகளும் இடம்பெற்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காப்பாற்றப்பட்டவர்கள் அந்நிய நாட்டு மீனவர்கள். ஐஸ்லாந்து மக்களுக்கு ஜீவாதாரமான மீனை, அவர்கள் கரைக்கு அருகிலேயே வந்து அள்ளிக்கொண்டு போனவர்கள். 1901-ல் பிரிட்டனும் டென்மார்க்கும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் யாரும் மீன் பிடிக்கலாம் என்று இருந்தது. ஐஸ்லாந்துக்காரர்களுக்கு அது நெடுநாள் மனக்குறை. 1952-ல் அவர்கள் எல்லையை நாலு மைலாக்கினார்கள். பிரிட்டிஷ் துறைமுகங்கள் ஐஸ்லாந்து மீனை இறக்க மறுத்தன. 1958-ல் 12 மைல் என்றபோது பிரிட்டன் போர்க் கப்பல்களையே அனுப்பியது. பிறகு 50 மைல், 200 மைல் என்று வளர்ந்து, 1976-ல்தான் அந்தத் தகராறு முடிவுக்கு வந்தது.

ஆனால் அந்த டிசம்பர் இரவில், பாறையில் இறங்கியவர்கள் இதையெல்லாம் கணக்குப் பார்க்கவில்லை. மீன் யாருடையது என்பது சர்க்கார்கள் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு. நனைந்து நடுங்கும் மனிதனை மேலே தூக்குவது கயிறு வைத்திருப்பவனின் கடமை. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. நியாயமான உரிமைக்காக உறுதியாக நிற்பதும், எதிர்த் தரப்பில் உள்ளவன் மூழ்கும்போது கை கொடுப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதை அந்தச் சிறிய நாடு செயலில் காட்டியது.

இன்னொரு உண்மையும் இதில் இருக்கிறது. இரக்கம் உலகில் பலரிடம் உண்டு. ஆபத்தைக் கண்டு மனம் பதைப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் பதைக்கும் மனம் மட்டும் பன்னிரண்டு பேரைப் பாறை உச்சிக்குத் தூக்கிவிடாது. பழகிய கை வேண்டும். சோதித்துப் பார்த்த கயிறு வேண்டும். இறங்குபவன் மேலே இருப்பவனைச் சந்தேகிக்காத நம்பிக்கை வேண்டும். இவை ஆபத்து வந்த பிறகு தேடிக் கிடைப்பவை அல்ல. முட்டைக்காகப் பல தலைமுறைகள் இறங்கியிராவிட்டால், அன்று உயிருக்காக இறங்க ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

ஐஸ்லாந்து மொழியில் ‘பியார்க்’ என்றால் பாறை. அதே ஓசையிலிருந்து சற்றே மாறி ‘பியார்கா’ என்றால் காப்பாற்றுதல். மலையையும் மீட்பையும் அருகருகே வைத்திருக்கிறது அந்த மொழி. லாட்ரபியார்க் என்ற பெயரை உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த நாட்டவர் மீட்பின் சாயலையும் சேர்த்தே உச்சரிக்கிறார்கள்.

இன்று அந்தப் பகுதி மாறிவிட்டது. பண்ணைகள் பல வெறிச்சோடிவிட்டன. முட்டைக்காகக் கயிற்றில் இறங்குவது முன்போல் வாழ்க்கைத் தேவை அல்ல. பாறையைக் காண வெளிநாடுகளிலிருந்து பிரயாணிகள் வருகிறார்கள். 2021-ல் அந்த முனை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக்கப்பட்டது. மனிதனுக்கு உணவு தந்த பறவைகளுக்கு இப்போது மனிதனின் காவல் தேவைப்படுகிறது. கடல் வெதுவெதுப்பாகி, குஞ்சுகளுக்கு ஊட்டும் சிறு மீன்கள் குறைந்துவருவதால், ஐஸ்லாந்தின் பல கரைகளில் கடற்பறவைகள் சிரமப்படுகின்றன.

பிழைப்பு மறைந்தால் அந்தப் பிழைப்பு தந்த திறமையும் மறையும். இது உலக இயற்கை. ஐஸ்லாந்து இதற்கு ஒரு மாற்று கண்டிருக்கிறது. பழைய உயிர் காக்கும் சங்கமும் மற்ற மீட்புக் குழுக்களும் 1999-ல் ஒன்றாக இணைந்தன. ஆசிரியர், தச்சர், கடைக்காரர் என்று பலவகைத் தொழில் செய்பவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்களாகச் சேர்ந்து, ஓய்வு நாட்களில் கயிற்றையும் படகையும் பழகுகிறார்கள். வருஷ முடிவில் வாணவேடிக்கைச் சாமான்களை விற்றுச் செலவுக்குப் பணம் சேர்க்கிறார்கள். தகப்பன் மகனுக்குக் காட்டிய பாடத்தை இப்போது ஊர் ஊருக்குக் காட்டுகிறது.

எல்லா நாடுகளும் பின்பற்றத்தக்க வழி இது. பழைய தொழில்கள் போவதைத் தடுக்க முடியாது. ஆனால் அவற்றோடு சேர்ந்து வளர்ந்த உதவும் திறமையும் போய்விட வேண்டும் என்ற விதி இல்லை. அதை வேண்டுமென்றே கற்க வேண்டும், கற்பிக்கவும் வேண்டும். அடுத்த கப்பல் எந்த இரவில் எந்தப் பாறையில் மோதும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆட்கள் இருக்க வேண்டும்.