மொட்டை மாடியில் தப்பிக்கும் வாயு

ஏசி மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பருவநிலை மாநாடு என்று ஆரம்பித்தால் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். ஆர்-410ஏ என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏசிக்குள் இருக்கும் அந்த கேஸில் ஒரு கிலோ, காற்றில் கலந்தால், சுமார் 2 டன் கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

இத்தகைய எச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைக்கத்தான் 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில், 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் திருத்தினார்கள். ஒன்றுமே செய்யாவிட்டால் இவை மட்டுமே 2100-க்குள் 0.3 முதல் 0.5 டிகிரி வரை வெப்பத்தைக் கூட்டும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. சொன்னபடி நடந்தால் 0.1 டிகிரிக்கும் குறைவு. இந்தியாவின் பங்கு, 2047-க்குள் 85 சதவீதக் குறைப்பு. பாரிஸ் ஒப்பந்தத்தில் அவரவர் இலக்கை அவரவரே எழுதிக்கொள்ளலாம். கிகாலியில் அப்படியில்லை: கால அட்டவணை உண்டு, வளரும் நாடுகளுக்கு நிதி உண்டு, சேராத நாடுகளோடு 2033 முதல் இந்த வாயு வணிகத்துக்குத் தடையும் உண்டு. எனக்கு நம்பிக்கை இதன்மேல்தான்.

ஆனாலும் ஓட்டை இருக்கிறது. உற்பத்தியும் இறக்குமதியும்தான் கணக்கில் ஏறும். மொட்டை மாடியில் திறந்துவிடும் கேஸ் ஏறாது. பழைய யூனிட்டைக் கழற்றும் பையன் வால்வைத் திருகி 'புஸ்'ஸென்று விட்டுவிடுகிறான். அவனைத் திட்டி என்ன பயன்? காப்பர் பைப்புக்குக் காயலான் கடையில் காசு கிடைக்கிறது, கேஸுக்கு யார் கொடுக்கிறார்கள்? கேஸைப் பிடிக்கும் மெஷின் வாங்கவும் அவனுக்குக் கட்டாது. புது ஏசியின் விலையிலேயே ஒரு சிறு தொகையைப் பிடித்துவைத்து, சிலிண்டரில் அடைத்துக் கொண்டுவருபவனுக்குக் கிலோ கணக்கில் கொடுக்கட்டும் அரசு.